வேலாயி பொங்கல் வைத்த சாத்தான்

ஹட்டனில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த என் சின்ன அறைக்குள் அமிர்தநாதன் நுழைந்தபோது குடையை மடக்கக்கூட மறந்திருந்தார். விரித்த குடையோடு வாசலில் சிக்கிக்கொண்டு நின்றவரிடமிருந்து நான்தான் அதை வாங்கி மடக்கிவைத்தேன். உட்கார்ந்ததும் கோட்டுப் பைக்குள் கைவிட்டு, கைக்குட்டையில் சுற்றியிருந்ததை மேசையில் பிரித்துக் காட்டினார். மெழுகுதிரித் துண்டுகள். எல்லாம் கறுப்பு.

"சப்பாத்துப் பொலிஷ் பூசியிருக்கு டீச்சர். மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன். பொலிஷ்தான்.

"எங்க கோயில்ல எரிஞ்சு மிஞ்சுன துண்டுங்க. கொறையிது கொறையிதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கடைசியில எம் மக பெட்டியிலயே இருக்கு." குரல் இறங்கியது. "பெற்றீசியா சாத்தானக் கும்புடுறா டீச்சர்."

எண்பத்திரண்டாம் வருடம், ஆடி மாதம். காலையில் பாடசாலையில் கணக்குப் படிப்பித்துவிட்டு, பின்னேரங்களில் அந்த அறையில் உட்கார்ந்து, வளர்ந்த பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் குடும்பங்களின் கதைகளைக் கேட்டு ஆலோசனை சொல்வது என் வேலை. கொழும்பில் அதற்கென்று பயிற்சியும் பெற்றிருந்தேன். வீட்டை விட்டு ஓடிய மகன், கினிகத்தேனை டவுன் கடைப் பையனைப் பார்த்துச் சிரித்த மகள், குடித்துவிட்டு அடிக்கும் தகப்பன் என்றுதான் வழக்கமாக வரும். சாத்தான் வந்தது அதுதான் முதல் தடவை. உள்ளதைச் சொன்னால், எனக்கு ஆவல்தான் முந்திக்கொண்டது. பயம் பிறகுதான்.

லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் அமிர்தநாதன் உபதேசியார். கிழமை நாட்களில் தொழிற்சாலையில் வேலை. பங்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் மலையேறி வருவார். மற்ற ஞாயிறுகளில் லயம் என்கிற வரிசை வீடுகளின் சனங்களைக் கோயிலில் கூட்டிவைத்துச் செபம் சொல்வது இவர்தான். அப்படிப்பட்டவருடைய மகள்.

"திங்கக்கெழம பெரட்டுக்குக் கூட்டிட்டுப் போயி பேர் பதிஞ்சிருவேன். கொழுந்துக் கூடைய மாட்டுனா சாத்தான் தானா எறங்கிருவான்."

"டிசம்பர்ல அவளுக்கு ஓ.எல். சோதனை இருக்கே!"

"படிச்சதாலதான் இந்த வெனையே வந்துச்சு. தோட்டத்துல இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் செபஞ்சொல்றது? அதுக்குள்ள நீங்க எதாச்சும் பண்ண முடியும்னா பண்ணுங்க. இல்லன்னா பேர் பதிய வேண்டியதுதான்."

காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் ஒருமுறை பெயர் பதிந்துவிட்டால் அந்தப் பிள்ளை திரும்பவும் வெள்ளைச் சட்டை போட்டுப் பாடசாலைக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. "ஞாயிறு முடியும்வரை அவள்மேல கை வைக்காதீங்க. நாளைக்கே வர்றேன்" என்றேன்.

சனிக்கிழமை காலை பஸ் பிடித்து லிந்துலையில் இறங்கி, மழையில் வழுக்கும் குறுக்குப் பாதையில் ஏறி அவர்கள் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அமிர்தநாதன் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி அந்தோனியம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல சாப்புடுங்க டீச்சர். சாத்தான் எங்கயும் போயிற மாட்டான்."

பெற்றீசியா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். பதினாறு வயது. இரட்டைப் பின்னல், கையெல்லாம் தார்க் கறை. நேரடியாக விஷயத்துக்குப் போகக்கூடாது, பிள்ளைக்குப் பிடித்ததில் தொடங்கவேண்டும் என்பது பயிற்சியில் படித்த பாடம். கணக்கில் எப்படி என்று கேட்டேன்.

"நீங்க சாத்தான் வெசயமா வந்திருக்கீங்க. கணக்கப் பத்தி எதுக்குக் கேக்குறீங்க?"

பாடம் அத்தோடு முடிந்தது. "சரி, கும்பிடுறியா அதை?"

"இல்ல. கும்புடுறது அப்பா வேல. நாங்க ஒப்பந்தம் போட்டிருக்கோம்."

"நாங்கன்னா?"

"நானும் கணேசமூர்த்தியும். வேலாயி அத்த மகன். என் வகுப்புதான்."

கொழும்பு ஹோட்டலில் வேலைசெய்யும் அவளுடைய பெரியப்பா மகன், பாட்டு கெசட் ஒன்றை வெளிநாட்டுச் சஞ்சிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறான். தாளில் கொம்பு வைத்த ஓர் உருவமும், அதைச் சுற்றிக் கறுப்பு மெழுகுதிரியும். அந்த ஹோட்டலில் தங்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் இப்படிச் செய்வார்களென்றும், செபத்தைத் தலைகீழாகச் சொன்னால் சாத்தான் வருவானென்றும் அவன் கதைவிட்டிருக்கிறான்.

"கணேசமூர்த்திக்குப் பரலோக மந்திரம் நேராவே தெரியாது டீச்சர். மொதல்ல நேரா சொல்லிக்குடுத்து, அப்புறம் தலகீழா சொல்லிக்குடுத்தேன். இப்ப அவனுக்கு நேரா சொல்றது மறந்துபோச்சு. தலகீழாதான் வருது."

அடுப்படியில் அந்தோனியம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. புகையால் வந்த இருமல் அல்ல அது.

"அதுகிட்ட என்ன கேட்டே?"

பெற்றீசியாவின் முகம் மாறியது. "ஒண்ணும் கேக்கல."

"ஒப்பந்தம்னா எதாவது கேட்டிருப்பியே?"

"நிக்கச் சொன்னேன். அவ்வளவுதான்."

எங்கே நிற்க, எதற்கு நிற்க என்று கேட்டுப் பார்த்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டாள். அந்த நேரத்தில் நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு பையன் சேற்றுக் காலோடு உள்ளே பாய்ந்துவந்தான்.

"பெற்றி! எல்லாங் கெட்டுச்சு! எங்கம்மா அதுக்குப் பொங்கல் வைக்கப் போகுது!"

என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"எதுக்குடா பொங்கல்?" என்றாள் பெற்றீசியா.

"நம்ம சாத்தானுக்குத்தான்!"

கணேசமூர்த்தி மூச்சுவாங்கச் சொன்னது இதுதான். திங்கட்கிழமை மேல்மலையில் கவ்வாத்துத் தொடங்குகிறது. தேயிலைச் செடியில் கத்தி படுவதற்கு முன், அந்த மலையிலேயே ஒரு கல்லையோ மரத்தையோ சாமியாக வைத்துப் பொங்கலிட்டு, கத்திகளை அதன் காலடியில் அடுக்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலை தொடங்குவார்கள். கவ்வாத்துச் சாமி என்று அதற்குப் பேர். எந்த இடத்தில் வைக்கலாமென்று பார்க்கப் போன வேலாயியும் மற்றப் பெண்களும், டர்பன்டைன் மரத்தில் கறுத்த முகமும் சிவந்த கண்ணும் பெரிய கொம்புமாக ஒன்று ஏற்கெனவே நிற்பதைக் கண்டிருக்கிறார்கள். காலடியில் மெழுகு வேறு உருகிக் கிடந்திருக்கிறது. யாரோ ஏற்கெனவே பூசை போடுகிறார்கள்!

"'இந்த வருசம் சாமி நமக்கு முந்தியே வந்து காத்துக்கிட்டு நிக்கிது'ன்னு எங்கம்மா லயம் லயமா சொல்லிக்கிட்டுத் திரியுது டீச்சர். நான் செஞ்ச சாத்தானுக்கு எங்கம்மாவே பொங்கல் வைக்குது. நான் என்னா செய்ய?"

பெற்றீசியா எழுந்து ஓடினாள். கணேசமூர்த்தி பின்னால் ஓடினான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் ஓடினேன். தேயிலைச் செடிகளுக்கிடையில் நான் அப்படி ஓடியது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

மரத்தடிக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். தகரத்தில் தார் பூசிச் செய்த முகம். குங்குமச் சிவப்பில் கண்கள். அதற்குமேல் மரைமான் கொம்பு. தோட்டத்தை அரசாங்கம் எடுத்தபோது ஊர் போய்ச் சேர்ந்த வெள்ளைக்காரத் துரை, பங்களாச் சுவரில் மாட்டியிருந்து விட்டுப்போன கொம்பு அது. குப்பையிலிருந்து எடுத்தார்களாம். பயங்கரமாகத்தான் இருந்திருக்கும், முதல்நாள்வரை. இப்போது நெற்றியில் மூன்று கோடு விபூதி. கழுத்தில் செவ்வந்தி மாலை. இரண்டு கொம்பு நுனியிலும் எலுமிச்சம்பழம்.

"துன்னூறு பூசிட்டாங்க டீச்சர்!" பெற்றீசியாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "சாத்தானுக்குத் துன்னூறு!"

"எலுமிச்சம்பழம் குத்துனது எங்கம்மாதான்," என்றான் கணேசமூர்த்தி. "அம்புட்டு ஒசரத்துல எப்பிடித்தான் ஏறுச்சோ."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நனைந்த புல்லில் அப்படியே உட்கார்ந்து சிரித்தேன். பெற்றீசியா என்னை முறைத்தாள். பிறகு சாத்தானைப் பார்த்தாள். அவளுக்கும் வாய் கோணியது. மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

எழுந்து சேலையைத் தட்டும்போதுதான் கவனித்தேன். லயங்கள் அந்த முகத்துக்குப் பின்னால் இருந்தன. கோயிலும் பின்னால்தான். அது பார்த்துக்கொண்டிருந்தது கீழே பெரிய ரோட்டை. கும்பிட வருகிறவர்கள் பாதையைப் பார்த்து வைக்காமல், ஆளில்லாத சரிவைப் பார்த்து ஏன் வைத்தாய் என்று பெற்றீசியாவிடம் கேட்டேன். அவள் குனிந்து, காலடியில் உருகிக் கிடந்த மெழுகைச் சுரண்டினாள்.

"கழட்டி எறிஞ்சிரலாமா பெற்றி?" என்றான் கணேசமூர்த்தி.

"வேணாம். நிக்கட்டும்."

அன்று பின்னேரம் தகப்பனையும் மகளையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவைக்கலாமென்று திட்டம்போட்டிருந்தேன். அமிர்தநாதன் செபமாலையைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவேயில்லை. ஒரு சுற்று முடிந்ததும் அடுத்தது. மகளோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழையும் விடவில்லை, கீழே போக பஸ்ஸும் இல்லை. அவர்கள் வீட்டிலேயே தங்கினேன்.

ஞாயிறு செபம் முடிந்து கோயிலைவிட்டு வெளியே வரும்போது மேல்மலையிலிருந்து தப்புச் சத்தம் கேட்டது.

"என்னா கொட்டு அது?" என்றார் அமிர்தநாதன்.

"கவ்வாத்துப் பொங்கல் உபதேசியாரே," என்றாள் முன்னால் போன ஒருத்தி. "இந்த வருசம் புதுச் சாமியாம். கொம்பு வச்ச சாமி."

அவர் நின்றார். மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டதே போதுமாயிருந்தது. தீர்த்தம் வைத்திருந்த சோடாப் போத்தலைக் கோயிலுக்குள் போய் எடுத்துவந்தார். வீட்டு வாசலில் விறகு பிளக்கும் கோடாலியையும் எடுத்தார். பிறகு அந்த மனிதர் நடந்த வேகத்துக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. கோயிலுக்கு வந்திருந்த சனங்களும் என்னவோ ஏதோவென்று பின்னால் வந்தார்கள்.

மரத்தடியில் மூன்று கல் கூட்டி, பானை ஏற்றியிருந்தது. மழை படாமல் நாலு பெண்கள் படங்குச் சாக்கை விரித்துப் பிடித்திருந்தார்கள். மாயாண்டி தப்பை நெருப்பில் காய்ச்சிக் காய்ச்சி அடித்துக்கொண்டிருந்தார். கழுவித் தீட்டிய கவ்வாத்துக் கத்திகள் சாத்தானின் காலடியில் வரிசையாகப் பளபளத்தன. கட்டை குட்டையாக, நெற்றி நிறையக் குங்குமத்தோடு பானையின் முன்னால் நின்றவள் வேலாயி.

"நிறுத்துங்க! அது சாமி இல்ல!"

"ஒங்க சாமி இல்லதான் உபதேசியாரே," என்றாள் வேலாயி அகப்பையை ஆட்டி. "எங்க சாமி. கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, பொங்கப் போற நேரம்."

அவர் போத்தலைத் திறந்து தீர்த்தத்தை வீசினார். முக்கால்வாசி மாயாண்டியின் தப்பில் விழுந்தது. "ஐயையோ, இப்பத்தான் காச்சுனேன்!" என்று மாயாண்டி கத்தினார். சிலர் சிரித்தார்கள். அமிர்தநாதன் கோடாலியை ஓங்கியபோது சிரிப்பு நின்றது. தப்பும் நின்றது. ஆண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து தங்கள் தங்கள் கத்தியைக் கையில் எடுத்தார்கள். எங்களுக்குப் பின்னால் கோயில் சனங்களும் நெருங்கி நின்றார்கள். ஒரே தோட்டம், ஒரே லயம், ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கிற சனங்கள்.

"ஒங்க மாதா கெபிய நாங்க ஒருநாளாச்சும் தொட்டிருக்கமா?" வேலாயியின் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "தேர் வந்தா நாங்களுந்தான வடம் புடிக்கிறோம்? எங்க சாமிய மட்டும் வெட்ட வர்றீங்களோ?"

"வேலாயி, அது பேய்!"

"யாரு சொன்னா?"

அமிர்தநாதன் வாயைத் திறந்தார். மகளைப் பார்த்தார். மகள் செய்தது என்று சொன்னால் சண்டை அத்தோடு முடிந்தது. ஆனால் வாயை மூடிக்கொண்டார். கோடாலி மட்டும் இறங்கவில்லை.

அப்போது பெற்றீசியா என் பக்கத்திலிருந்து நடந்துபோய் மரத்துக்கும் தகப்பனுக்கும் நடுவில் நின்றாள்.

"அப்பா சொல்றது சரிதான் அத்த. அது சாமி இல்ல, சாத்தான். நாந்தான் செஞ்சேன்."

"நானுந்தான்," என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

வேலாயி திரும்பினாள். "நீயா? நீ என்னாடா செஞ்ச?"

"ஆணி அடிச்சேம்மா," என்றான் கணேசமூர்த்தி. "தாரு பூசுனேன்."

"ரெண்டு நாளா வீட்டுல சுண்ணாம்பு அடிக்கச் சொல்றேன், அதுக்குக் கை வராது. இங்க வந்து தாரு பூசுனியா!" வேலாயி மகனையும் பானையையும் கொம்பையும் மாறிமாறிப் பார்த்தாள். "ஏன்டி பெற்றி, ஒங்க வேதத்துல வர்றவன எங்க மலையில எதுக்குடி கொண்டாந்து நிறுத்துன?"

அவள் கண் கீழே ரோட்டுக்குப் போனது. எல்லாரும் காத்திருந்தார்கள். நேற்றிலிருந்து என் மனத்தில் உருண்டுகொண்டிருந்தது அந்த இடத்தில்தான் பிடிபட்டது.

"அது எந்தப் பக்கம் பார்க்குதுன்னு பாருங்க," என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். கீழே ரோடு வளைகிற இடம் தெரிந்தது. எழுபத்தேழுக் கலவரத்தில் தோட்டத்தை அடிக்க வந்தவர்களின் லொறிகள் நின்ற இடம். நான் அன்று அங்கே இல்லை. ஆனால் அந்த வளைவைப் பார்த்ததும் பெண்கள் கையிலிருந்த சாக்கு தாழ்ந்ததைக் கண்டேன்.

"அன்னைக்கு வந்தவங்க மாதா படத்தப் பாத்துப் பயப்படல," என்றாள் பெற்றீசியா. "அத்த வீட்டு முருகன் படத்தயும் மிதிச்சாங்க. அப்பா எங்க எல்லாரையும் கோயிலுக்குள்ள வச்சுப் பூட்டிக்கிட்டுச் செபஞ்சொன்னாரு. சொல்லயில அவரு கை நடுங்குச்சு. நான் பாத்தேன். நல்லவங்களப் பாத்தா அவங்களுக்குப் பயமில்ல அத்த. அதான், அவங்களே பயப்படுற ஒருத்தன ரோட்டப் பாத்து நிக்கச் சொன்னேன். வேற ஒண்ணுமே கேக்கல."

மழைத்துளி சாக்கில் விழும் சத்தம் மட்டும்.

அந்த அமைதிக்குள் பானை பொங்கியது.

நுரை விளிம்பைத் தாண்டி, ரோட்டுப் பக்கமாக வழிந்து, நெருப்பில் விழுந்து சீறியது. பொங்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க அந்தப் பெண்களால் முடியுமா! ஒருத்தி தன்னையறியாமல் குலவையிட்டாள். உடனே எல்லாரும் குலவையிட்டார்கள். மாயாண்டியின் கை தானாக நனைந்த தப்பில் விழுந்தது. தொப்புத் தொப்பென்று ஒரு சத்தம். "பொங்கிருச்சு! பொங்கிருச்சு!" என்று வேலாயி அரிசியை அள்ளிப் போட்டாள். கோயில் சனங்களில் யாரோ கைதட்டினார்கள். என் கையும் தட்டிக்கொண்டிருந்தது.

"இந்தா பாருங்க எல்லாரும்," என்று வேலாயி அகப்பையை உயர்த்தினாள். "பொங்கல் பொங்கிருச்சு. அப்ப ஏத்துக்கிச்சு. யாரு செஞ்சா என்னா? கீழ்மலை முனியும் எவனோ ஒருத்தன் தூக்கிவச்ச கல்லுதான. காவலுக்கு நிக்கச் சொன்னா அது காவச்சாமி. சாத்தானா இருந்தாலும் எங்க மலைக்கு வந்தா காவ பாத்துத்தான் ஆகணும், சும்மா நிக்க முடியாது!" பிறகு கொம்பைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "ஆனா கொம்பு வேணாம். முனிக்குக் கொம்பு கெடையாது. மீசதான்."

எல்லார் கண்ணும் அமிர்தநாதன்மேல் இருந்தது. கோடாலி எப்போது இறங்கியதென்று நான் பார்க்கவில்லை. அவர் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் நடுங்குனத ஒருத்தரும் பாக்கலன்னு நெனச்சிருந்தேன்."

"நான் முன்வரிசையில இருந்தேம்ப்பா."

"செபத்துல பாதி மறந்துபோச்சு அன்னைக்கு. சொன்னதயே திருப்பித் திருப்பிச் சொன்னேன்."

"அதுவுந் தெரியும்."

அவர் மூக்கை உறிஞ்சினார். பிறகு கோடாலியின் காம்பை அவளிடம் நீட்டினார். "இதோட பின்பக்கத்தால நெம்பு. ஆணி வந்துரும்."

எட்டவில்லை. எல்லார் முன்னிலையிலும் உபதேசியார் குந்தினார். மகள் அவர் தோளில் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையில் இரண்டு சேற்றுக் கால் பதிந்தது. "ஆட்டாதீங்கப்பா!" "நான் ஆடல, நீதான் ஆடுற!" எலுமிச்சம்பழங்கள் முதலில் விழுந்தன. பிறகு ஆணி. பிறகு கொம்பு, கீழே பிடித்துக்கொண்டிருந்த கணேசமூர்த்தியின் கையில். அவன் அடுப்புக் கரியெடுத்து மீசை வரைந்தான். ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் தாழ்ந்தும் இருந்தது. வேலாயி அவன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, "இருக்கட்டும், ரோசக்காரச் சாமின்னு தெரியும்" என்றாள்.

பொங்கலை எல்லாருக்கும் இலையில் கொடுத்தார்கள். படைத்ததைச் சாப்பிட உபதேசியாருக்கு மனம் வரவில்லை. "சாப்புடாட்டிப் போங்க, கையிலயாச்சும் வாங்குங்க, சுடுது பாருங்க" என்றாள் வேலாயி. அவர் வாங்கி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். ஆறும்வரை கீழே வைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பெரட்டுக் கொம்பு ஊதியபோது அமிர்தநாதன் வீட்டில்தான் இருந்தார். மகளுடைய சப்பாத்துக்குப் பொலிஷ் தேடினார். டப்பா காலி.

"மெழுகுதிரிக்குப் பூசிட்டு இப்ப சப்பாத்துக்கு எங்க போறது?" என்று கத்தினார். அந்தோனியம்மாவுக்கு மறுபடி இருமல் வந்தது. அவர் தலைக்குமேல் சுவரில், நனைந்த கம்பளியும் குடையும் மரைக் கொம்பில் தொங்கிக்கொண்டிருந்தன.

அடுத்த முறை சாமியார் வரும்போது எல்லாவற்றையும் தானே சொல்லிவிடப்போவதாக அமிர்தநாதன் என்னிடம் சொன்னார். செபஞ்சொல்லும் வேலை போனாலும் போகட்டுமாம். பிறகு பொலிஷ் போடாத சப்பாத்தோடு மகளையும் என்னையும் கீழே ரோட்டுவரை கூட்டிவந்து பஸ் ஏற்றிவிட்டார். கணேசமூர்த்தி முதலே ஏறி இடம் பிடித்திருந்தான்.

வளைவில் பஸ் திரும்பியது. மேலே மரத்தில் கறுத்த முகம், கோணல் மீசை, காலடியில் சின்ன விளக்கு. மிதிபலகையில் நின்ற சிங்களக் கொண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சில்லறையை எடுத்து நெற்றியில் ஒற்றிச் சரிவில் எறிந்தார். பிறகு எங்கள் பக்கம் குனிந்து, இது புதிதாக வந்த தெய்வமா என்று சிங்களத்தில் கேட்டார்.

பெற்றீசியா என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"நே, பரணய்," என்றாள். இல்லை, ரொம்பப் பழைய ஆள்தான் என்று.